குதிகால் வலி: கட்டிலை விட்டு இறங்கும் முன்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் சுருக்கென்று குத்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறை வரை போய்வந்தால் கொஞ்சம் விடுகிறது. காபி குடித்து முடிப்பதற்குள் வலி இருந்த சுவடே தெரியவில்லை. பிறகு டிவி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே குத்தல். சாயங்காலம், நாளெல்லாம் நின்ற களைப்போடு சேர்ந்து மந்தமாக ஒரு வலி. இந்த வரிசை உங்களுக்கு அப்படியே பொருந்தினால், இந்த அத்தியாயம் உங்களுக்கானது. மருத்துவர் சீட்டில் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்று எழுதுவார். ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம்.

உறுதிப்படுத்திக்கொள்ள வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடையின் மேல் போடுங்கள். ஒரு கையால் கால் விரல்களை முழங்கால் பக்கமாக மேலே வளையுங்கள். உள்ளங்காலின் நடுவே ஒரு நரம்பு விறைத்துக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். அது நரம்பு அல்ல, சவ்வு. இன்னொரு கைக் கட்டைவிரலால் அதைத் தொட்டுக்கொண்டே குதிகாலை நோக்கி வாருங்கள். குதிகால் எலும்பு தொடங்குகிற இடத்தில், பாதத்தின் உள்பக்கமாக, ஓர் இடம் வந்ததும் "அய்யோ, அங்கேதான்!" என்பீர்கள். சவ்வு எலும்பில் பற்றியிருக்கும் இடம் அது. பெரும்பாலோருக்கு நோவு அங்கேதான்.

அந்தச் சவ்வு குதிகால் எலும்பில் தொடங்கி ஐந்து விரல்களின் அடிவரை விரிந்து போகிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இது நாண். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் வளைவை அழுத்தித் தட்டையாக்கப் பார்க்கிறது. நாண் இழுத்துப் பிடிக்கிறது. குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மடங்கும்போது இழுப்பு இன்னும் கூடுகிறது. தாங்குகிற அளவை மீறி, நாள் தவறாமல், ஆற அவகாசம் தராமல் இழுத்தால் பற்றியிருக்கும் இடத்தில் இழைகள் நைந்துபோகின்றன. இதை வெறும் வீக்கம் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். அறுவை செய்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாள்பட்ட வலியில் அழற்சியைவிட இழைகள் சிதைந்திருப்பதுதான் அதிகம் தெரிந்தது. வைத்தியத்துக்கு இது முக்கியமான செய்தி. அழற்சி என்றால் மாத்திரையில் அடங்கலாம். நைந்த இழை மாத்திரையால் தேறாது. அதை மெல்ல மெல்ல வேலை கொடுத்துத்தான் தேற்ற வேண்டும்.

இரவு முழுவதும் பாதம் கீழ்நோக்கித் தொங்கிய நிலையில் தூங்குகிறோம். சவ்வும் கெண்டைக்கால் தசையும் அந்தச் சுருங்கிய நிலைக்கே பழகிவிடுகின்றன. விடிந்ததும் முழுப் பாரத்தையும் ஒரேயடியாக ஏற்றுகிறோம். முதல் அடி உயிர் போவதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் பலர் "குதிகாலில் முள் வளர்ந்திருக்காம்" என்று கலங்கிப்போய் வருவார்கள். குதிகால் எலும்பிலிருந்து முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்புக்கூர் அது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. கடும் வலி உள்ள பலருக்கு முள் இல்லை. வலி தீர்ந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் முள் அங்கேயேதான் இருக்கும். முள்ளைக் கரைக்கிறேன் என்று யாராவது மருந்து விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எதனால்

நின்றுகொண்டே பிழைப்பவர்களுக்கு முதலில். ஜவுளிக்கடைப் பெண்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், பரோட்டா மாஸ்டர்கள். சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பெரிய கடைகளுக்குள் போய் விற்பனைப் பெண்களின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. அந்த இருக்கை உங்கள் கடையில் இல்லையென்றால் கேளுங்கள். சலுகை அல்ல, சட்டம்.

வீட்டில் இருக்கும் பெண்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். காலை நாலு மணி நேரம் அடுப்படியில், வெறுங்காலோடு, டைல்ஸ் தரையில். பழைய செம்மண் தரைக்கும் சாணி மெழுகிய தரைக்கும் இருந்த சிறிய கொடுப்புகூட கிரானைட்டுக்குக் கிடையாது. உடல் எடை கூடியவர்கள், தட்டைப் பாதம் அல்லது மிக உயர்ந்த வளைவு உள்ளவர்கள், கெண்டைக்கால் தசை இறுகிப் போனவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது கூட்டம், திடீரென்று கூட்டியவர்கள். டாக்டர் சொன்னார் என்று ஒரே வாரத்தில் ஒரு மணி நேர நடைக்குத் தாவியவர்கள். மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள். வருடம் முழுக்க ஸ்கூட்டரில் போய்விட்டுப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலுடன் முடித்துவிட்டு வந்தவர்கள். வலி இருக்கும் மாதத்தில் கிரிவலமும் பழனி பாதயாத்திரையும் வேண்டாம். அடுத்த வருடம் போகலாம், மலை அங்கேயேதான் இருக்கும்.

தரையில் கால் வைப்பதற்கு முன்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விழிப்பு வந்ததும் இறங்காதீர்கள். கட்டில் விளிம்பிலோ பாயிலோ உட்கார்ந்து, வலிக்கிற காலை மறு தொடையின் மேல் போடுங்கள். விரல்கள் ஐந்தையும் அடியோடு சேர்த்துப் பிடித்து, முன்காலை நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலில் இழுப்பு தெரிய வேண்டும். மறு கையால் தடவிப் பார்த்தால் அந்த நாண் விறைப்பாக இருக்க வேண்டும். விறைக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். பத்து எண்ணும்வரை அப்படியே வைத்து விடுங்கள். பத்து தடவை. அதற்குப் பிறகுதான் முதல் அடி.

நாளில் மூன்று முறை இதைச் செய்ய வேண்டும். காலை முதல் அடிக்கு முன் ஒன்று, வெகு நேரம் உட்கார்ந்திருந்து எழும்போதெல்லாம் முடிந்தால் ஒன்று. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் டிஜியோவானி என்ற எலும்பு மருத்துவரும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தது இந்த அளவைத்தான். பத்து மாதத்துக்கு மேல் வலியோடு இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, நின்றுகொண்டு கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படி விரலை மடக்கி நீட்டியவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

தொப்பை இடித்து, காலைத் தூக்கி மடியில் போட முடியாதவர்கள் உண்டு. அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு குற்றாலத் துண்டை விரல்களுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். முழங்கால் மடங்காமல் இருந்தால் கெண்டைக்காலுக்கும் சேர்த்து வேலை நடந்துவிடும்.

கெண்டைக்காலை விட்டுவிடக் கூடாது. அது இறுகியிருந்தால் ஒவ்வோர் அடியிலும் குதிகாலைப் பின்னால் இழுத்து உள்ளங்கால் சவ்வின் பாரத்தைக் கூட்டும். சுவரைப் பார்த்து நின்று உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றுங்கள். வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக, குதிகால் தரையை விட்டு எழாமல், பாத நுனி சுவரை நேராகப் பார்க்க, மெல்ல முன்சாயுங்கள். முப்பது எண்ணுங்கள். அடுத்து பின்கால் முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு முப்பது. இப்போது இழுப்பு கீழே, குதிகாலுக்கு மேல் தெரியும். இரண்டும் இரண்டு வேறு தசைகள், இரண்டையும் நீட்ட வேண்டும். பல பேர் செய்யும் தவறு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வது. திருப்பினால் சாய்வது சுலபம், பலன் குறைவு.

படிக்கட்டில் ஒரு வேலை

நீட்டுவது வலியைத் தணிக்கும். சவ்வு பலம் பெறுவதற்குப் பாரம் வேண்டும். "வலிக்கிற காலுக்குப் பாரமா?" என்று தோன்றும். அளவோடு, மெதுவாக, விட்டு விட்டுக் கொடுத்தால் தாங்கும்.

வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பாதி மட்டும் படியில் இருக்க நில்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வையுங்கள். விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தால்தான் நாண் இறுகும், இந்தப் பயிற்சியின் சூட்சுமமே அந்தத் துண்டுதான். மூன்று எண்ணிக்கையில் மேலே எழும்புங்கள், இரண்டு எண்ணிக்கை நில்லுங்கள், மூன்று எண்ணிக்கையில் இறங்குங்கள். அவசரப்பட்டால் வீண். ஆரம்பத்தில் இரண்டு காலாலும் செய்யலாம். பழகியபின் வலிக்கிற காலால் மட்டும். பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு சுலபமாகிவிட்டால் முதுகில் ஒரு பையை மாட்டி, அதில் புத்தகங்களைப் போட்டுப் பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையைப் பத்தாகவும் பிறகு எட்டாகவும் குறைத்துக்கொண்டு, சுற்றுகளை நாலு, ஐந்து என்று ஏற்றலாம்.

டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த முறை இது. மூன்றாம் மாத முடிவில், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் முந்தியிருந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இது அதிசயம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் நடமாட வைக்கும், அவ்வளவே. செய்யும்போது ஓரளவு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் பாரம் அதிகமாகிவிட்டது, குறையுங்கள். நிலைதடுமாறும் முதியவர்கள் படியில் ஏறவே வேண்டாம்; சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சமதரையில் குதிகாலைத் தூக்கி இறக்கினால் போதும்.

வீட்டுக்குள் செருப்பு

நம் வீடுகளில் இது பெரிய தகராறு. "வீட்டுக்குள்ளயா செருப்பு போட்டுக்கற? சாமி ரூம் இருக்குல்ல?" என்று மாமியார் கேட்பார். வீட்டுக்கு மட்டும் என்று தனியாக ஒரு புதுச் செருப்பு, வாசல்படி தாண்டாதது, பூஜை அறை வாசலில் கழற்றிவிடுவது என்று சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கீழே அது தயாராக இருக்கட்டும். காலை நீட்டல் முடிந்ததும் வெறுந்தரையில் கால் படாமல் நேராக அதில்தான் நுழைய வேண்டும். என் கணக்கில் மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்தைவிட இந்தச் செருப்புக்குக் கொடுக்கும் பணம் நல்ல செலவு.

எந்தச் செருப்பு? தமிழ்நாட்டில் எந்தக் காலணிக் கடையிலும் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்குப் புண் வராமல் காக்க வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பயன்படுத்திப் பரப்பிய பொருள் அது. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கு வந்து, இப்போது குதிகால் வலிக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் மென்மை மட்டும் போதாது. வளைவுக்கு அடியில் சற்றுத் தூக்கலும், குதிகால் முன்பாதத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் இருப்பது நல்லது. கடையில் எடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல் பக்கம் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. நடுவில் சுருண்டால் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, தட்டையான கோலாப்பூர் செருப்பு, ஹை ஹீல்ஸ் மூன்றும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

ஷூ போடுபவர்கள் உள்ளே வைக்கும் வளைவுத் தாங்கியை வாங்கலாம். அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த தாங்கிக்கும் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதற்கும் ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ரெடிமேடிலேயே தொடங்குங்கள்.

கண்காட்சியில் விற்கும் முள்முள்ளான அக்குபிரஷர் செருப்பையும் பூங்காவில் எட்டு வடிவத்தில் போட்ட கூழாங்கல் பாதையையும் வலி தீரும்வரை மறந்துவிடுங்கள். நைந்த இடத்திலேயே கல் குத்துவதில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒத்தடம், ஐஸ், எண்ணெய்

குதிகால் வலி என்றதும் நம் பாட்டிகள் சொல்வது செங்கல்லும் எருக்கு இலையும். செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சூடு இதமாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்கு வலி மட்டுப்படும். நைந்த இழையை அது ஒட்டவைக்காது. அதோடு இரண்டு அபாயங்கள் இருக்கின்றன. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் கண்ணுக்குக் கேடு. இரண்டாவது இன்னும் பெரிது. சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காது. செங்கல்லில் வெந்துபோனது அவர்களுக்குத் தெரியாமலே போய், கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும்வரை போகும். சர்க்கரை நோயாளிகளுக்குச் செங்கல்லும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

சர்க்கரை இல்லாதவர்கள் ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் வறுத்த கல் உப்பையோ தவிட்டையோ நொச்சி இலையையோ பருத்தித் துணியில் முடிந்து, முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கெண்டைக்காலுக்கும் சேர்த்துக் கொடுங்கள். சூட்டில் தசை இளகியதும் நீட்டல் பயிற்சியைச் செய்தால் ஒத்தடத்துக்கு ஒரு பயன் உண்டு.

நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த சாயங்காலத்துக்கு ஐஸ் நல்லது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி (உறைந்தால் விரியும், முழுக்க நிரப்பினால் வெடிக்கும்) ஃப்ரீசரில் வையுங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலைக் குதிகாலிலிருந்து விரல்வரை பத்துப் பதினைந்து நிமிடம் உருட்டுங்கள். ஐஸ் வேண்டாதவர்களுக்கு டென்னிஸ் பந்து அல்லது பூரிக்கட்டை. பிறகு அந்தப் பூரிக்கட்டையைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

விளக்கெண்ணெயா, நல்லெண்ணெயா, பிண்டத் தைலமா என்று கேட்பார்கள். கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்ப்பதுதான் சுகம் தருகிறது. எந்த எண்ணெய் என்பது இரண்டாம்பட்சம். தேய்த்துவிட்டு உடனே டைல்ஸில் நடந்து வழுக்கி விழாமல், பாதத்தைத் துடைத்துவிட்டு இறங்குங்கள். வாதம் என்ற பெயரைக் கேட்டு உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் நிறுத்துகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். எடை கூடுதலாக இருந்தால் மட்டும் அளவில் கவனம் வேண்டும். நாலைந்து கிலோ இறங்கினால் குதிகால் அதை உடனே உணரும். நடக்க முடியாத நாட்களில் சைக்கிளும் நீச்சலும் உதவும்.

மருந்துக் கடையில் தானாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது கூடவே கூடாது. டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் மோசமாக்கும்.

மருத்துவரிடம் எப்போது

குதிகால் வலி எல்லாமே இது அல்ல. நடந்த நடையில் "டப்" என்று அறுந்ததுபோல் உணர்ந்து பாதம் கன்றிப்போனால், குதிகால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் இருந்தால், மரத்துப்போதலோ எரிச்சலோ இருந்தால், படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் உயிர் போகிறது, நடக்க நடக்க வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். இளவயதுக்காரர்களுக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிப்போயிருந்தால் வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் முதலில் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இவை எதுவும் இல்லாமல், இங்கே சொன்னதை ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லையென்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று பேச்சு வரும். அது சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும்; திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு. கல்யாணம் காரியம் என்று அவசரம் இருந்தால் ஒன்று போட்டுக்கொள்வதில் தவறில்லை, பயிற்சியை மட்டும் நிறுத்தக் கூடாது. அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் மிகச் சிலரே.

பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் இது தானாகவே வழிக்கு வந்துவிடுகிறது. வாரங்களில் அல்ல, மாதங்களில். நடுவில் நன்றாகிவிட்டதுபோல் இருந்து மறுபடி வலிக்கும் நாட்கள் வரும். அன்றைக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடாமல், படிக்கட்டுப் பயிற்சியை மட்டும் இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டுத் தொடருங்கள். முழுவதும் தீர்ந்த பிறகும் சுவர்ப் பயிற்சியை வாரம் சில நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செருப்பு தேய்ந்து தட்டையானதும் தயங்காமல் புதிது வாங்குங்கள்.